படைவீரர் நினைவும் சப்ரகமுவத் தோட்டங்களின் மறதியும்

இரத்தினபுரி நகரின் தென்கிழக்கே, இறப்பரும் தேயிலையும் மூடிய குன்றுகளுக்கும் மாணிக்கக்கல் அகழும் சேற்று நிலங்களுக்கும் இடையில் அமைந்திருக்கின்றது நிவித்திகல. சப்ரகமுவ மாகாணத்தின் ஏனைய பிரதேசங்களைப் போலவே இங்கும் சிங்களக் கிராமமும் தமிழ்த் தோட்டமும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. கடைத்தெரு ஒன்று, பஸ் வண்டி ஒன்று, பெய்யும் மழையும் ஒன்றுதான். ஆனால் நினைவுகள் மட்டும் ஒன்றாக இல்லை.

தென்னிலங்கையின் கிராமப் பாதைகளில் பயணம் செய்வோர் பஸ் தரிப்பிடச் சுவர்களிலும் பாடசாலை வாயில்களிலும் விகாரைச் சந்திகளிலும் போரில் உயிரிழந்த படைவீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். பெரும்பாலும் ஏழை விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அத்தகைய ஒரு தரிப்பிடத்தில், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் பஸ்ஸை எதிர்பார்த்துத் தோட்டத்துத் தாயொருத்தி கைக்குழந்தையுடன் மழைக்கு ஒதுங்கி நிற்பது சாதாரணக் காட்சி. அவளுடைய தலைக்கு மேலே எழுதப்பட்டிருக்கும் பெயர் அவளுக்கு அந்நியமானது. அவளுடைய பாட்டனாரோ பூட்டனாரோ இந்த நாட்டுக்குச் செய்த சேவை எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. அப்படியொரு சேவை இருந்தது என்பதே அவளுக்குச் சொல்லப்படவில்லை.

படைவீரர்களை நினைவுகூர்தல் தமிழ்ப் பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத விடயமாகும். அதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை. மூன்று தசாப்த காலப் போரில் சீருடை என்பது தமிழ் மக்களுக்குப் பெரும்பாலும் சோதனைச்சாவடியையும் சுற்றிவளைப்பையும் ஷெல் வீச்சையுமே நினைவூட்டியது. அந்த அனுபவத்தை மறுத்துவிட்டு எவரும் நேர்மையாக எழுத முடியாது. எனினும், சேவை என்றால் என்ன, அதற்குரிய நன்றி யாருக்குச் செல்கின்றது, யார் அதிலிருந்து விலக்கப்படுகின்றனர் என்ற கேள்விகளை நாம் எழுப்பாது விட்டால், அவற்றுக்கான விடைகளை வேறு யாரோ நமக்காக எழுதிவிடுவர். இவ்வளவு காலமும் நடந்தது அதுதான்.

பூவரசம் பூவின் கதை

இந்த நாட்டில் படைவீரர் நினைவு என்பது தொடக்கத்திலிருந்தே சர்ச்சைக்குரிய ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. முதலாம் உலகப் போர் முடிந்ததன் பின்னர் ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் திகதி கொழும்பில் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. ஆனால் திரட்டப்பட்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. பிரித்தானியாவுக்காகப் போரிட்டுத் திரும்பிய இலங்கையர்கள் வறுமையில் வாடினர். இதனைக் கண்டு கொதித்த முன்னாள் படைவீரரான ஏலியன் பெரேரா 1931 இல் ஒரு மாற்று முயற்சியைத் தொடங்கினார். பொப்பிக்குப் பதிலாக உள்ளூர்ப் பூவான சூரிய மலரை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர்ப் படைவீரர்களின் துயர் துடைக்கப் பயன்படுத்துவதே அவரது நோக்கமாக இருந்தது. சிங்களத்தில் சூரிய மல் எனப்படுவது வேறொன்றுமன்று, நமது வேலியோரங்களில் பூக்கும் பூவரசம் பூதான்.

1933 இல் இடதுசாரி இளைஞர்கள் இந்த இயக்கத்தைக் கையேற்றனர். டொரீன் யங் அம்மையார் எழுதிய கட்டுரை அதற்குப் புத்துயிர் ஊட்டியது. 1934-35 காலப்பகுதியில் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைத் தாக்கி ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைப் பலிகொண்டபோது, சூரிய மல் இயக்கத்தினர் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கேகாலை மாவட்டக் கிராமங்களுக்குச் சென்றனர். அப்பணியின் மூலமாகவே கலாநிதி என்.எம். பெரேரா சப்ரகமுவ மக்களின் நெஞ்சில் இடம்பிடித்தார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. 1936 இல் அவர் றுவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

இந்த வரலாற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு. கைவிடப்பட்ட படைவீரருக்காகத் தொடங்கிய ஓர் இயக்கம், கைவிடப்பட்ட கிராமத்தானுக்கு மருந்து கொடுக்கும் இயக்கமாக வளர்ந்தது. நினைவுகூர்தல் என்பது வெற்றி முழக்கமாகவும் இருக்கலாம், துயர் துடைப்பாகவும் இருக்கலாம் என்பதற்கு சப்ரகமுவ மண்ணே சாட்சி. பின்வந்த காலங்களில் நாம் எதனைத் தெரிவு செய்தோம் என்பதே கேள்வி.

மறக்கப்பட்ட சீருடைகள்

இலங்கையின் படை வரலாறு ஓரினத்தின் வரலாறு என்ற எண்ணம் இன்று தெற்கிலும் வடக்கிலும் ஒருங்கே நிலவுகின்றது. தெற்கு அதனைப் பெருமையாகவும் வடக்கு அதனைக் குற்றச்சாட்டாகவும் கூறுகின்றது. வரலாறோ இரண்டையும் ஏற்றுக்கொள்வதாக இல்லை.

ஒல்லாந்தர் காலத்திலிருந்தே மலாய் முஸ்லிம்கள் இந்நாட்டின் படைகளில் முதன்மை இடம் வகித்தனர். 1803 இல் கண்டியில் ஆங்கிலேயப் படை வீழ்ந்தபோது, மன்னனின் சேவையில் சேர மறுத்த மலாய்க் கப்டன் நூர்தீன் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். அவரது சகோதரரான சங்குங்லோவோ கண்டி மன்னனின் மலாய்ப் படைக்குத் தலைமை தாங்கி அதே மோதலில் மடிந்தவர். ஒரே தாயின் பிள்ளைகள் எதிரெதிர் அணிகளில் நின்று உயிர் துறந்த இந்தச் சம்பவம், பின்னாளில் இத்தீவு காணவிருந்த பல துயரங்களுக்கு முன்னறிவிப்புப் போன்றது எனலாம். இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873 இல் கலைக்கப்பட்டபோது, மலாய் வீரர்களின் குடும்பங்களில் பலர் பொலிஸ் சேவையிலும் தீயணைப்புப் படையிலும் தோட்ட உத்தியோகங்களிலும் சேர்ந்தனர்.

தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் கதையும் இதனோடு இணைந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேஜர் தோமஸ் ஸ்கின்னரின் கீழ் மலைநாட்டின் பாதைகளை அமைத்த பயனியர் படையில் தென்னிந்தியத் தமிழர்கள் பெருமளவில் இருந்தனர். இராணுவ ஒழுங்கின் கீழ் வைக்கப்பட்டிருந்த அவர்கள் கையில் ஏந்தியவை மண்வெட்டியும் அலவாங்குமே. கோப்பித் துரைமாருக்கும் அவர்களுக்குப் பின்வந்த தேயிலைக் கம்பனிகளுக்கும் வழி திறந்தவை அவர்கள் வெட்டிய பாதைகள்தான்.

சுதந்திரத்தின் பின்னர் 1949 இல் இலங்கை இராணுவம் உருவாக்கப்பட்டது. அதன் முதலாவது இலங்கையத் தளபதியாக 1955 இல் பொறுப்பேற்றவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். 1959 இறுதிவரை அவர் அப்பதவியில் இருந்தார். கடற்படையை 1960 முதல் 1970 வரை வழிநடத்தியவர் ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர். தகுதியால் உயர்ந்த இவ்விருவரின் பெயர்களும் இன்று பாடசாலை மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நிலைமை மாறியதற்கான காரணங்களும் தெளிவானவை. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அரச சேவையின் வாசலைத் தமிழ் பேசுவோருக்குக் குறுக்கியது. 1962 ஜனவரியில் அம்பலமான இராணுவச் சதி முயற்சியில் பெரும்பாலும் கிறிஸ்தவ அதிகாரிகளே குற்றஞ்சாட்டப்பட்டதைத் தொடர்ந்து, படைகளுக்கான ஆட்சேர்ப்பில் சந்தேகக் கண் விழுந்தது. அடுத்து வந்த தசாப்தங்களில் படைகள் ஏறக்குறைய முற்றிலும் ஓரினமயமாயின. பல்லின நாட்டுக்கு ஓரினப் படை என்ற முரண்பாட்டுக்கு இந்நாடு கொடுத்த விலையை நாம் அனைவரும் அறிவோம்.

இருந்தும், அந்தப் படைகளிலும் சிறுபான்மையினர் இருந்தனர். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமை மீட்கச் சென்ற நடவடிக்கையில் உயிரிழந்த விசேட படைப்பிரிவின் கட்டளை அதிகாரி ஏ.எப். லாபிர் ஒரு முஸ்லிம். நாட்டின் அதியுயர் வீரப் பதக்கமான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது. 2005 மே மாதம் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட இராணுவப் புலனாய்வு அதிகாரி நிஸாம் முத்தலிப் மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பின்னர் கொல்லப்பட்ட பொலிஸார் பல நூற்றுவருள் முஸ்லிம்களும் அடங்குவர். கிழக்கின் எல்லைக் கிராமங்களில் இரவுக்காவல் நின்ற முஸ்லிம் ஊர்காவற் படையினரையும் இங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவர்களை நினைவுகூர்வதில் ஓர் இரட்டைச் சங்கடம் இருக்கின்றது. அரசு இவர்களை முன்னிறுத்தும்போது, "பாருங்கள், எங்களிடம் இனபேதம் இல்லை" என்ற வாதத்துக்கான சான்றாகவே முன்னிறுத்துகின்றது. சொந்தச் சமூகமோ அண்டை வீட்டாரின் மனம் நோகுமே என்று மௌனம் காக்கின்றது. 2019 ஏப்ரலின் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் முஸ்லிம் மக்கள் அனைவரும் தமது தேசப்பற்றை நிரூபிக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்ட நாட்களில், இந்தப் பெயர்கள் திடீரென நினைவுக்கு வந்தன. நெருக்கடி தணிந்ததும் மீண்டும் மறைந்தன. ஒரு சமூகம் தனது விசுவாசத்தை நிரூபிக்க இறந்தவர்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருப்பதே அவமானம். அந்த அவமானம் அச்சமூகத்துடையதன்று.

துப்பாக்கி ஏந்தாத சேவை

இனி, நிவித்திகல போன்ற பிரதேசங்களின் தோட்ட மக்களிடம் வருவோம். இவர்களுள் படையில் சேர்ந்தோர் மிகச் சிலரே. ஆயினும் ஓர் உலகப் போரின் போக்கில் இவர்களது உழைப்புக்கு நேரடியான பங்கு இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் அறிவர். நாம்தான் அதனைப் பேசுவதில்லை.

1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளும் கைமாறியதோடு உலகின் இயற்கை இறப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் ஜப்பானின் கைக்குள் போய்விட்டது. இராணுவ லொறிக்கும் விமானச் சில்லுக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் படைவீரனின் சப்பாத்துக்கும் நச்சுவாயு முகமூடிக்கும் இறப்பர் இன்றியமையாதது. செயற்கை இறப்பர் போதிய அளவில் உற்பத்தியாகும் வரையில் நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த மிகப்பெரிய இறப்பர் ஊற்று இலங்கைதான். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மலைகள் ஒரே இரவில் போர்க்கள முக்கியத்துவம் பெற்றன. போரின் உச்சக் காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் டன் இறப்பர் இத்தீவிலிருந்து பெறப்பட்டது.

அந்த இறப்பரை வெட்டியவர்கள் யார்? சூரியன் ஏறுமுன் பிரட்டுக்களத்தில் கூடி, இருள் பிரியும் வேளையில் கத்தியும் வாளியுமாகச் சரிவுகளில் ஏறிய பால்வெட்டுத் தொழிலாளர்களே. குளிர் நீங்கிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியலுக்கு முன்பே மரம் மரமாக ஓட வேண்டும். அதுவும் போர்க்காலத்தில் வழக்கமான வெட்டு போதவில்லை. மரத்தின் ஆயுளைக் கருதாது, உள்ள பால் முழுவதையும் சில ஆண்டுகளில் கறந்துவிடும் கடும்வெட்டு முறை புகுத்தப்பட்டது. ஒரு வெட்டு இருந்த இடத்தில் பல வெட்டுகள் விழுந்தன. எட்டாத உயரத்துக்கு ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. மழை ஓயாத சப்ரகமுவச் சரிவில், அட்டைக் கடிக்கு நடுவே ஏணியில் நின்று வெட்டுவது எத்தகைய வேலை என்பதை அந்த மண்ணை அறிந்தவர்கள் அறிவர்.

அதே காலத்தில் பர்மா வீழ்ந்ததால் அரிசி வரவு நின்றது. பங்கீடு வந்தது. கோதுமை மா தோட்டத்து அடுப்புக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பஞ்ச நாட்களில்தான். இன்று மலையகத்தின் அடையாளமாகவே கருதப்படும் ரொட்டி, உண்மையில் ஒரு போர்க்கால உணவு. 1939 ஆகஸ்டு முதல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்திருந்தபடியால் புதிய கைகளும் வரவில்லை. இருந்த கைகளே எல்லாவற்றையும் செய்தன. அத்தியாவசிய சேவை என்ற பெயரில் வேலைநிறுத்தமும் தடை செய்யப்பட்டிருந்தது. கட்டாயப் படைச்சேவையிலிருந்து இதனை வேறுபடுத்துவது எது என்று கேட்கத் தோன்றுகின்றது.

தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று பெயர். வேலை குறைந்தால் "அரைப் பேர்". ஒவ்வொரு நாளும் செக்ரோல் ஏட்டில் அந்த மக்களின் பெயர்கள் தவறாது பதிவாயின. போர் முடிந்ததும் நாடு எழுப்பிய எந்த நினைவுக் கல்லிலும் அப்பெயர்களில் ஒன்றுகூட ஏறவில்லை. கண்டியிலுள்ள யுத்த மயானத்தில் இரண்டாம் உலகப் போரில் மடிந்த பிரித்தானியரும் கிழக்கு ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் அருகருகே துயில்கின்றனர். இத்தாலியக் கைதிகளுக்கும் அங்கு இடம் இருக்கின்றது. அது நல்லதே. எதிரிக்கும் கல் நாட்டிய ஒரு நாகரிகம், ஏணியிலிருந்து விழுந்த தொழிலாளியை நினைக்கவில்லை என்பதையே நாம் சுட்டிக்காட்டுகின்றோம்.

நன்றிக்குப் பதிலாகக் கிடைத்தது

போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் இம்மக்களுக்குக் கிடைத்த பரிசு 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அது அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. அதே 1949 இல்தான் புதிய இராணுவமும் அமைக்கப்பட்டது. பிரஜாவுரிமை இல்லாதவருக்குப் படையில் இடமில்லை என்பதால், தோட்டத் தமிழர்கள் ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள் நாட்டின் பாதுகாப்புச் சேவைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பின்னர், "இவர்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்கவும் பட்டனர். கதவைப் பூட்டிய பின்னர், ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதற்கு ஒப்பானது இது.

1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் துயரம் 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும் வரையில் நீடித்தது. இதற்கிடையில் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்ட லயன்கள் தாக்கப்பட்டன. அஞ்சி ஓடியவர்களில் கணிசமானோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். பாதுகாப்புத் தேடிச் சென்ற இடத்தில்தான் பிற்காலத்தில் பெரும்போர் அவர்களைச் சூழ்ந்தது.

ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தினபுரியின் கிராமமொன்றிலிருந்து வறுமையால் படையில் சேர்ந்த இளைஞனும், அதே கிராமத்தின் எல்லையிலிருந்த தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்ட குடும்பத்தில் வன்னியில் பிறந்த இளைஞனும், ஏதோவொரு பதுங்குகுழியின் இரு புறங்களிலும் நேருக்கு நேர் நின்றிருக்கக்கூடும். ஒருவனது பெயர் பஸ் தரிப்பிடத்தில் இருக்கின்றது. மற்றவனின் கல்லறை புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டது. இரண்டு தாய்மாருக்கும் மிஞ்சியது ஒரு புகைப்படம் மாத்திரமே.

உலகம் திருத்திக்கொண்ட தவறு

பெயரில்லாமல் போனவர்களின் பிரச்சினை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பொதுநலவாய யுத்த கல்லறைகள் ஆணைக்குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, முதலாம் உலகப் போரில் மடிந்த ஆபிரிக்க, ஆசிய, மத்திய கிழக்கு வீரர்களும் சுமைதூக்குவோருமாகக் குறைந்தபட்சம் 1 இலட்சத்து 16 ஆயிரம் பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்றும், அந்தத் தொகை 3 இலட்சத்து 50 ஆயிரமாகவும் இருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டது. அதற்காக மன்னிப்பும் கோரப்பட்டது. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் தவறைத் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சயாம் - பர்மா மரண ரயில் பாதை. 1942-43 இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில், மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7 ஆயிரம் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. கூலிகளாகச் சென்ற தமிழர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. பல தசாப்தங்களின் பின்னர், மலேசியத் தமிழர்களின் முயற்சியினால் 2023 இல் அங்கு ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டுவதைத் தொல்காப்பியமே முறைப்படுத்திக் கூறியுள்ள மரபு நம்முடையது. மலேசியத் தமிழர்கள் அதனைத் தொழிலாளிக்கும் உரியதாக்கினர். சப்ரகமுவவின் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அத்தகையதொரு கல் ஏன் கூடாது?

இந்தியாவும் ஒரு பாடம் தருகின்றது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இணைந்தனர். தோல்வியுற்ற படையின் உறுப்பினர்கள் என்பதால் அவர்கள் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டனர். 1972 இல் தொடங்கப்பட்ட சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களும் உள்வாங்கப்பட்டனர். நினைவு, சான்றிதழோடு நின்றுவிடாமல் மாதாந்த அரிசிக்கும் மருந்துக்கும் ஆனபோதுதான் அது பொருள் பெற்றது.

இன்றைய படைவீரனின் நிலை

மறுபுறத்தில், அரசினால் வீரர் என்று கொண்டாடப்படுபவர்களின் வாழ்வும் சிறப்பாக இல்லை. படைவீரர் நலனுக்கென 1999 இல் ரணவிரு சேவா அதிகாரசபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் மே 19 இல் மலர்வளையங்கள் வைக்கப்படுகின்றன. ஆனால் 2016 நவம்பரில், 12 ஆண்டுச் சேவையை நிறைவு செய்யுமுன் காயமடைந்து விலக நேர்ந்த அங்கவீனமுற்ற வீரர்கள் முழுமையான ஓய்வூதியம் கோரிக் கொழும்பு கோட்டையில் கூடியபோது, அவர்களை எதிர்கொண்டது பொலிஸாரின் நீர்ப்பீரங்கி. மேடையில் வீரர், வீதியில் இடையூறு. இதுவே அரசியல் நன்றியின் அளவு.

2022 இன் பொருளாதாரச் சரிவு நிலைமையை மேலும் மோசமாக்கியது. இராணுவத்தின் ஆட்பலத்தை 2030 ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சமாகக் குறைக்கும் தீர்மானம் 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அளவுக்கு மீறிப் பெருத்த படையைக் குறைப்பது சரியானதே. ஆனால் விலகுவோர் எங்கே செல்வர் என்பதற்குத் திட்டம் இருக்கவில்லை. அதன் விளைவை ரஷ்ய - உக்ரேனியப் போர்முனையில் கண்டோம். நல்ல சம்பளம் என்ற தரகர்களின் சொல்லை நம்பிச் சென்ற முன்னாள் படையினர் அந்நிய மண்ணில் முன்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட 554 இலங்கையருள் 59 பேர் உயிரிழந்துள்ளதாக 2025 இன் தொடக்கத்தில் அரசாங்கம் தெரிவித்தது. கடன் சுமையால் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பும் தோட்டத்துத் தந்தைக்கும், பிள்ளையை ரஷ்யாவுக்கு அனுப்பிய கிராமத்துத் தந்தைக்கும் இடையில் அதிக தூரம் இல்லை.

தமிழ், முஸ்லிம் வாசகர்கள் இதனை அடுத்தவர் பிரச்சினை என்று கருதலாகாது. போரின் சுமையை இரு தரப்பிலும் சுமந்தவர்கள் ஏழைகளே. முன்னாள் போராளிகளாகப் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்ட 12 ஆயிரம் பேரளவிலானோரின் வாழ்வும் இதே கேள்வியையே எழுப்புகின்றது. அங்கம் இழந்து, தொழில் இன்றி, கண்காணிப்புக்கு அஞ்சி வாழும் அவர்களுக்கு மலர்வளையமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

செய்ய வேண்டியவை

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் சமர்ப்பித்த அறிக்கையில், பெப்ரவரி 4 ஆம் திகதி தேசிய தினத்தன்று போரில் பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் ஒரு தனி நிகழ்வு நடத்தப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2015 இல் மே 19 வெற்றி விழா என்பது நினைவு தினமாக மாற்றப்பட்டபோது ஒரு நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதும், 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி வழங்கியோர் கைது செய்யப்பட்டதும், அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டின. தன் பிள்ளைக்காக அழும் உரிமை மறுக்கப்பட்ட தாயிடம், அடுத்தவளின் பிள்ளைக்காகத் தலை வணங்கு என்று எந்த அரசும் கேட்க முடியாது. முதலாவது நிபந்தனை அதுவே. அழுகைக்கு அனுமதி கேட்கும் நிலை ஒழிய வேண்டும்.

இரண்டாவதாக, பிரதேச செயலக மட்டத்தில் ஒரு முழுமையான பதிவு தேவை. நிவித்திகல போன்ற பிரிவொன்றில் படைச்சேவையாற்றியோர், உயிரிழந்தோர், அங்கவீனமுற்றோர், காணாமற் போனோர் ஆகியோரின் விபரங்கள் இனபேதமின்றி திரட்டப்பட வேண்டும். ஓய்வூதியம், மருத்துவம், மனநல உதவி தொடர்பான படிவங்கள் தமிழிலும் கிடைக்க வேண்டும். சட்டப்படி இது சலுகையன்று, அரசகரும மொழி உரிமை.

மூன்றாவதாக, நாமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. போர்க்கால இறப்பர் வெட்டைக் கண்ணால் கண்டோர் இன்று மிக அரிது. அவர்களின் பிள்ளைகள் கேட்ட கதைகளேனும் எஞ்சியிருக்கின்றன. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் அவற்றை எழுதி வைக்கலாம். பழைய செக்ரோல் ஏடுகள் எங்கேனும் கறையானுக்குத் தப்பியிருந்தால் கம்பனிகள் அவற்றைச் சுவடிகள் திணைக்களத்திடம் கையளிக்க வேண்டும். 2023 இல் மலையகத் தமிழரின் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் மேற்கொண்ட சமூகம் நாம். அந்த நினைவு முயற்சி மத்திய மாகாணத்தோடு நின்றுவிடாமல் சப்ரகமுவவின் சிதறிய தோட்டங்களுக்கும் வர வேண்டும்.

நான்காவதாக, முஸ்லிம் சமூகமும் தமிழ்ச் சமூகமும் தம்முள்ளிருந்து படைச்சேவைக்குச் சென்றோரைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசப் பழக வேண்டும். ஒருவரின் சேவையை மதிப்பது அவர் சேவையாற்றிய அரசின் ஒவ்வொரு செயலையும் ஏற்பதாகாது. அவ்வாறே, படையினர் இழைத்த குற்றங்களுக்கு நீதி கோருவது, கிராமத்துத் தாயொருத்தியின் துயரத்தை மறுப்பதுமாகாது. நினைவுகூர்தல் நீதி விசாரணைக்கு ஈடாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்க வேண்டும். இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதனால்தான், மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் நாம் கொடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றோம்.

1931 இல் ஏலியன் பெரேரா கேட்ட கேள்வி எளிமையானது. விற்கும் மலரின் பணம் யாருக்குப் போகின்றது? அதே கேள்வியை இன்று நினைவைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கின்றது. மலர்வளையம் வைப்பவரின் அரசியலுக்கா, காலை இழந்தவனின் வீட்டுக்கா? பெயர் எழுதிய கல்லுக்கு மட்டுமா, பெயரே எழுதப்படாத மலைச்சரிவுக்கும் சேர்த்தா?

பஸ் தரிப்பிடத்திலுள்ள பெயரை எவரும் அழிக்க வேண்டியதில்லை. அதனருகே இன்னும் சில வரிகளுக்கு இடம் இருக்கின்றது. அந்த வரிகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படும் நாளில், மழைக்கு ஒதுங்கி நிற்கும் தோட்டத்துத் தாய், தன் குழந்தைக்கு அதனை வாசித்துக் காட்டுவாள்.